யூவி ஃபில்டரும் வானத்தில் மிதந்த பச்சை விளக்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் புதிதாகக் கேமரா வாங்குவோருக்காக ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் எழுதியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. துணைக் கருவிகளுக்கு மட்டும் கடைசியில் ஒரே ஒரு பத்தி. அதிலும், வாங்கிய அன்றே லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி ஃபில்டரை (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) மாட்டிவிடுங்கள், அப்புறம் கழற்றவே தேவையில்லை என்று இருந்தது. கழற்றாமலே விட்டவர்கள் எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறார்கள். அதனால் இந்தக் கடிதம். நாகப்பட்டினத்தில் 1988இலிருந்து கேமரா பழுது பார்த்து வருகிறேன்.

போன செப்டம்பரில், வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த மறுவாரம் ஒரு தம்பி வந்தார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஓர் இரவு விடாமல் படம் எடுத்திருக்கிறார். புது கேமரா, புது லென்ஸ். "வானத்துல பாருங்கண்ணே, பச்சைப் பச்சையா என்னமோ மிதக்குது. லென்ஸுக்குள்ள ஏதோ உடைஞ்சிருக்கு, கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாமா?" என்றார். முகம் வாடியிருந்தது. படத்தைப் பார்த்தேன். சீரியல் விளக்கு போட்ட பேராலயம் அழகாகத்தான் விழுந்திருந்தது. மேலே கறுப்பு வானத்தில், அவர் சொன்னது போலவே, வெளிறிய பச்சைப் பொட்டுகள் வரிசையாக மிதந்தன.

அந்தப் பொட்டுகளை எண்ணினேன். கீழே இடப்பக்கம் கடைத்தெருவில் எரிந்த விளக்குகள் ஏழு. மேலே வலப்பக்கம் பச்சைப் பொட்டுகளும் ஏழு. படத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து ஸ்கேலைப் பிடித்தால் ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிரே அதன் பொட்டு. தலைகீழாகத் திரும்பிய அதே வரிசை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அவர் லென்ஸில் இருந்த யூவி ஃபில்டரோடு ஒரு படம் எடுத்தேன். சுடர் ஓர் ஓரத்தில், எதிர் ஓரத்தில் தலைகீழாக ஒரு பேய்ச்சுடர். ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு படம். பேய்ச்சுடர் இல்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். இவ்வளவுதான். பதினோரு இரவு எடுத்த படங்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

நடப்பது இதுதான். விளக்கின் ஒளி லென்ஸ் வழியாகப் போய், படத்தைப் பதிவு செய்யும் சென்ஸாரில் விழுகிறது. அதில் கொஞ்சம் சென்ஸாரின் பளபளப்பில் பட்டுத் திரும்பி வெளியே வருகிறது. வரும் வழியில் ஃபில்டரின் தட்டையான பின்பக்கத்தில் மோதி மறுபடியும் உள்ளே போகிறது. பகலில் இது தெரியாது. இருட்டுப் பின்னணியில் பிரகாசமான விளக்கு இருந்தால் தப்பாமல் தெரியும். குத்துவிளக்கு, கார்த்திகை அகல், சொக்கப்பனை, தேரின் மின்விளக்கு என்று நம் ஊரில் ஆசைப்பட்டு எடுக்கும் படங்களில் பாதி அப்படிப்பட்டவைதான்.

பூச்சு இல்லாத கண்ணாடி, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8. நல்ல மல்டிகோட்டிங் (பல அடுக்குப் பூச்சு) போட்ட கண்ணாடியில் இது ஒரு பக்கத்துக்கு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஃபில்டரைச் சாய்த்து, மேலே எரியும் டியூப் லைட்டின் பிம்பத்தை அதில் பாருங்கள். வெள்ளை வெளேரென்று டியூப் லைட் அப்படியே தெரிந்தால் அது வெறும் ஜன்னல் கண்ணாடி. மங்கிப்போய் பச்சையாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. அந்தத் தம்பியின் ஃபில்டரில் டியூப் லைட் மட்டுமல்ல, அதில் ஒட்டியிருந்த பல்லி கூடத் தெரிந்தது. விலை 350 ரூபாய். பல பத்தாயிரம் போட்டு வாங்கிய லென்ஸுக்கு முன்னால் அதுதான் காவல்.

யூவி ஃபில்டர் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு காலம் இருந்தது. பிலிமுக்குப் புற ஊதாக் கதிர் உறைக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தூரத்து மலை நீலப் புகை போட்டது போல விழும். அதை வெட்டத்தான் யூவியும், லேசான ரோஸ் நிற ஸ்கைலைட் ஃபில்டரும். நான் தொழில் பழகும்போது ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்தது, இந்து பிலிம் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மஞ்சள் ஃபில்டரும் சிவப்பு ஃபில்டரும் வைத்திருந்தோம். சிவப்பைப் போட்டால் நீல வானம் கறுத்து மேகம் தனியாக எழுந்து நிற்கும். இன்றைய டிஜிட்டல் கேமராவில் சென்ஸாருக்கு முன்னாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. வெளியே இன்னொன்று போடுவதால் படத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

லென்ஸுக்குப் பாதுகாப்பு என்பார்கள். அது பாதி உண்மை. ஹோமத்துக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எடுத்தால் புகையோடு நெய்ப்பிசுக்கு லென்ஸில் ஏறும். மஞ்சள் நீராட்டு, குங்குமம் தூவும் ஊர்வலம், அலை தெறிக்கும் கடற்கரை, இங்கெல்லாம் நானே ஒரு தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வேன். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். ஆனால் கீழே விழும்போது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மெல்லிய ஃபில்டர் கண்ணாடி உடையும் அளவுக்கு அடிபட்டால் கனமான முன் லென்ஸ் பெரும்பாலும் தாங்கியிருக்கும். உடைந்த சில்லுகள்தான் அதைக் கீறுகின்றன. அப்படி உடைந்தால் ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். லென்ஸைத் தலைகுப்புறப் பிடித்துச் சில்லுகளைத் தானாக உதிரவிடுங்கள்.

மாதக்கணக்கில் கழற்றாத ஃபில்டருக்கு இன்னொரு வியாதி உண்டு. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அலுமினிய வளையம் லென்ஸின் மரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வீடியோகிராபர் 82 மில்லிமீட்டர் ஃபில்டர் இறுகிப்போன லென்ஸைக் கொண்டுவந்தார். கட்டிங் பிளேயரால் நெரித்து வளையத்தை நீள்வட்டமாக்கி வைத்திருந்தார். நெரித்தால் அது இன்னும் பிடிக்கத்தான் செய்யும். சுளுவான வழி ஒன்று இருக்கிறது, சிரிக்காதீர்கள்: கழுவிக் காயவைத்த புது ஹவாய் செருப்பு. அதன் ரப்பர் அடியை வளையத்தின் மீது சமமாக அழுத்தி, மொத்தமாகத் திருப்ப வேண்டும். வளையம் முழுக்க ஒரே மாதிரி அழுத்தம் படுவதால் பத்தில் எட்டு கழன்று வந்துவிடும். அவருடையது வரவில்லை, ரம்பம் போட்டுத்தான் எடுத்தேன். பித்தளை வளையம் கொண்ட ஃபில்டர் இப்படி எளிதில் இறுகாது. விலை கூடுதல்தான், ஆனாலும் கடலோரத்துக்காரர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

சரி, முதலில் எதை வாங்குவது? என்னைக் கேட்டால் ஹூட், லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு. விலை குறைந்த லென்ஸோடு சில கம்பெனிகள் அதைத் தருவதே இல்லை. பக்கவாட்டு வெயிலைத் தடுக்கும், விரல் படாமல் காக்கும், கல்யாணக் கூட்டத்தில் யாராவது முழங்கையால் இடித்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். என் கடைக்கு ஹூட் உடைந்து வந்த லென்ஸ்கள் நிறைய. அவற்றில் முன் கண்ணாடி உடைந்தது ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஃபில்டர்களில் உண்மையாகவே காசு போட வேண்டியது போலரைசர் ஒன்றுக்குத்தான். கடையில் சிபிஎல், அதாவது சர்க்குலர் போலரைசர் என்பார்கள். இது செய்கிற வேலையைக் கணினியில் பின்னால் செய்ய முடியாது. தண்ணீர், கண்ணாடி, ஈர இலை, பெயிண்ட் அடித்த படகு ஆகியவற்றின் மேல் படியும் பளபளப்பை எடுத்துவிடும். வேதாரண்யம் உப்பளத்தில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள். பாத்தித் தண்ணீரின் வெள்ளைப் பளபளப்பில் கண் கூசும். போலரைசரின் சுழலும் வளையத்தைத் திருகத் திருகத் தண்ணீருக்கு அடியில் படிந்த உப்பு மெல்ல மெல்லத் தெரிய வரும். உலோகத்தின் பளபளப்பில் மட்டும் இதன் பாச்சா பலிக்காது. நகைக்கடைக்காரர்கள் இதை வாங்கி ஏமாறுவதுண்டு.

முழுக்கத் திருகிவிடுவதும் தப்பு. திருவாரூர் கமலாலயக் குளத்தைப் படமெடுத்த ஒருவர், தண்ணீரில் கோபுரமே விழவில்லை என்று குறைப்பட்டார். பளபளப்பை எடுக்கச் சொன்னால் அது பிம்பத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும். பாதித் திருகலில் நிறுத்தியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். நீல வானம் நன்றாக அடர்ந்து விழுவது சூரியனுக்கு 90 பாகைப் பக்கத்தில். அகல லென்ஸ் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் திட்டுத் திட்டாக நிற்கும். ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) இது விழுங்கிவிடும் என்பதால் மண்டபத்துக்குள் போகும்போது மறக்காமல் கழற்றுங்கள். கேமராவோடு சேர்த்துத் தரும் பழைய கிட் லென்ஸ் சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுழலும். அவற்றில் ஃபோகஸ் முதலில், திருகல் பிறகு.

போலியும் நிறைய வருகிறது. ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த போலரைசர் வெறும் சாம்பல் கண்ணாடி. ஆன்லைனில் வாங்கினாராம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் மாறவில்லை. சுலபமான சோதனை செல்போன் திரை. ஃபில்டர் வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே திருகினால் பெரும்பாலான போன்களில் ஏதோ ஒரு நிலையில் திரை இருண்டுபோகும். அது சர்க்குலர்தானா, பழைய லீனியர் வகையா என்று அறிய முகம் பார்க்கும் கண்ணாடி முன் நில்லுங்கள். லென்ஸில் மாட்டும் மரைப்பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்குமாறு ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அதன் வழியாகவே கண்ணாடியில் தெரியும் ஃபில்டரைப் பாருங்கள். கறுத்துத் தெரிந்தால் சர்க்குலர். திருப்பிப் பிடித்தால் தெளிந்துவிடும். லீனியர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெளிவாகவே இருக்கும். எஸ்எல்ஆர் கேமராக்களில் லீனியர் போட்டால் ஒளி அளவும் ஆட்டோ ஃபோகஸும் தடுமாறக்கூடும். அதற்காகத்தான் சர்க்குலரே வந்தது.

அளவு விஷயத்தில் தினமும் ஒருவராவது தவறுகிறார். லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்பதால் 50 மில்லிமீட்டர் ஃபில்டர் கேட்பார்கள். அது குவியத் தூரம். ஃபில்டர் அளவு, லென்ஸின் முன் வளையத்திலோ மூடியின் உட்புறத்திலோ, வட்டத்தைக் கோடு வெட்டிய ஒரு குறிக்குப் பக்கத்தில் இருக்கும். கேனனின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49. அதற்கு முந்தைய மாடலுக்கு 52. நிக்கானின் 50 எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58. மூன்றும் 50தான், மூன்றுக்கும் ஃபில்டர் வேறு. லென்ஸுக்கு லென்ஸ் போலரைசர் வாங்கிக் கட்டுப்படியாகாது. இருப்பதில் பெரிய லென்ஸுக்கு, 77 என்று வையுங்கள், நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு மற்றவற்றுக்கு, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போடுங்கள். ரிங் விலை சொற்பம். ஒரே சங்கடம், ரிங் போட்டால் ஹூட் ஏறாது.

கேமராவோடு இலவசமாகத் தரும் மூன்று கண்ணாடிப் பை ஒன்று இருக்கிறது: யூவி, சிபிஎல், எஃப்எல்டி. மூன்றாவது, அந்த ஊதா நிறக் கண்ணாடி, டியூப் லைட்டுக்கு அடியில் பிலிமில் பச்சையடிக்காமல் இருப்பதற்காக வந்தது. இன்று ஒயிட் பேலன்ஸ் பட்டனே அந்த வேலையைச் செய்கிறது. 90களில் மணப்பெண்ணின் முகத்தை ஐந்தாக்கிச் சுற்றி நிறுத்திய மல்டி இமேஜ் கண்ணாடியை நானும் விற்றிருக்கிறேன், அந்தப் பாவத்தை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்ற சாம்பல் கண்ணாடி எல்லோருக்கும் தேவைப்படாது. வீடியோ எடுப்பவர்களுக்குத் தேவை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 நொடிக்குப் போய்விடும். நொடிக்கு 25 பிரேம் எடுப்பவருக்கு வேண்டியது 1/50. இடைவெளி ஆறு ஸ்டாப், அதற்கு ஒளியை 64இல் ஒரு பங்காக்கும் என்டி 64. திருகித் திருகி அடர்த்தியைக் கூட்டும் வகை வசதியானது, ஆனால் கடைசி வரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். அலையைப் பஞ்சுப்பொதியாக்க ஆசைப்படுபவர்கள் என்டி 1000 வாங்குகிறார்கள். பத்து ஸ்டாப். 1/30 நொடி எடுத்த இடத்தில் ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்கும். போட்டபின் வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது, ஃபோகஸை முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த என்டியை நம்பிச் சூரியனைப் பார்க்கக் கூடாது. 2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்துக்கு இங்கிருந்து பலர் புதுக்கோட்டைப் பக்கம் போனார்கள். ஒருவர் டெலி லென்ஸில் என்டி 8 மட்டும் போட்டு எடுத்திருக்கிறார். ஷட்டர் திரையில் ஒரு பட்டாணி அளவுக்குச் சுருங்கிய வடு. கேமராதானே போயிற்று என்றுதான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்தால்? சூரியனுக்கென்றே செய்த ஃபில்டர்தான் வேண்டும், அதுவும் லென்ஸுக்கு முன்னால். 2031 மே 21 அன்று மதுரை வழியாக இன்னொரு வளையக் கிரகணம் வருகிறது.

ஃபில்டர் புராணத்தை இதோடு விடுகிறேன். பணத்தில் மிச்சம் இருந்தால் முதலில் ஈரத்துக்குச் செலவழியுங்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி லென்ஸுக்குள் படரும் பூஞ்சையிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டுகிறார்கள். தை பிறந்ததும் லென்ஸுக்குள் சிலந்தி வலை போல வெள்ளை நூலோடு கொண்டுவருகிறார்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40 முதல் 50 வரை வைத்திருப்பது நல்லது. அதற்காக மின்சார டிரை கேபினட் விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது அது வெறும் பீரோ. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஒரு சின்ன ஈரப்பதமானி, கால் கிலோ சிலிக்கா ஜெல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஈரம் குடித்தால் நீலம் ரோஸ் ஆகும் வகையில் கோபால்ட் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு வகையை வாங்குங்கள், எதுவானாலும் சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியத்தால் தவிட்டுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

அரிசிக்கும் கேமராவுக்கும் உள்ள ஒரே நல்ல உறவு கோடியக்கரையில்தான். பூநாரை பார்க்கப் போகிறவர்கள் காருக்குள் முக்காலி விரிக்க முடியாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஒன்றரைக் கிலோ அரிசி போட்டுத் தைத்து, கார் ஜன்னலில் வைத்து அதன் மேல் லென்ஸைப் படுக்கவைத்தால் ஆடாது. முக்காலி வாங்குவதானால் நடுத்தண்டை உயர்த்தாமலே உங்கள் கண் மட்டத்துக்கு வருவதாக வாங்குங்கள், தண்டை உயர்த்தினால் காற்றில் ஆடும். கேமராவுக்கு அடியில் மாட்டும் பிளேட்டில் ஒன்றைக் கூடுதலாகப் பையில் போட்டு வையுங்கள், அது தொலைந்தால் முக்காலி வெறும் கம்புதான். பேட்டரி உபரியாக ஒன்று. ஒரே பெரிய மெமரி கார்டைவிட நடுத்தரமாக இரண்டு. தூசி ஊத ரப்பர் புளோயர் ஒன்று. வேட்டி நுனியும் முந்தானையும் வேண்டாம், உப்புத்துளி காய்ந்த கண்ணாடியை உலர் துணியால் தேய்த்தால் உப்பே உப்புத்தாள் ஆகிவிடும்.

அந்த வேளாங்கண்ணித் தம்பி போன வாரம் வந்திருந்தார். ஹூட் வாங்கிவிட்டாராம். 350 ரூபாய் ஃபில்டரை என்ன செய்வது என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வளையத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன், பழைய லென்ஸ்களின் வளைந்த மரையை நேராக்க உதவும்.

இப்படிக்கு,
ஒரு கேமரா மெக்கானிக்,
நாகப்பட்டினம்.

பின்குறிப்பு: கட்டுரையோடு வந்த படத்தில் கேமரா பிடித்திருக்கும் பெண்ணின் லென்ஸில் ஹூட் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறது. பையில் வைக்கும்போதுதான் அப்படி மாட்ட வேண்டும்.